தௌனோவின் குறி தவறிய நாள்

சைமா ஏரியில் தௌனோ பாதாளக்கரண்டி வீசினால் முதல் வீச்சிலேயே மாட்டும். மூழ்கிப்போனது எவருடைய வலையானாலும் சரி. முப்பது வருஷத்தில் அவர் சேர்த்துவைத்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இன்னொரு பெருமையும் உண்டு. மனைவி மார்கெத்தாவின் சாப்பாட்டு நேரத்தைவிட ஏரியில் வாழும் சீல் என்ற கடல்நாய்களின் சாப்பாட்டு நேரம் அவருக்கு அத்துப்படி. இலையுதிர்காலத்தில் நடு ஏரி ஆழத்தில் சிறுமீன் துரத்தும். மே மாதம் முடி உதிரும். பாறையில் படுத்தே கிடக்கும், அதிகம் முங்காது. ஆகவே சீல்கள் சிக்கிச் சாகாதிருக்க ஜூன் முடியும்வரை வலை கூடாதென்ற சட்டம் தனக்கில்லை என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மார்கெத்தாவின் பிறந்தநாளுக்கு ரொட்டிக்குள் வைத்துச் சுட மீன் வேண்டுமே! யார் கண்ணிலும் படாதிருக்க மிதவை கட்டாமல் நீரிணையில் ஒரு வலை போட்டார். மறுநாள் எடுக்க நினைத்தார், காற்று விடவில்லை.

பெரிய சீல்கள் பாறையில்தான் கிடந்தன. ஆனால் பால் மறந்த குட்டிகள் அந்த மாதத்தில்தான் கரையோரம் முங்கி இரை தேடப் பழகும். மேதை அதை மறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காற்று அடங்கியதும் ஆராய்ச்சிக்காரி ஹில்லா படகோடு வந்து அவரை ஏற்றிக்கொண்டாள். ஜனவரியில் பனி போதவில்லையென்று இருவரும் மண்வெட்டியால் குவித்த பனிமேட்டில் பிறந்த சீல் குட்டியைக் காணோம். அதன் முதுகில் இருக்குமிடம் சொல்லும் கருவி ஒட்டியிருந்தது.

"கடைசியா இங்கதான் மேல வந்து மூச்சு விட்டிருக்கு. ரெண்டு நாளா ஒரு சேதியும் இல்ல. அடியில வலை ஏதும் கெடக்கான்னு வீசிப் பாருங்க தௌனோ."

"கருவி கழண்டிருக்கும், பொண்ணே. உங்க பசை லட்சணம் அப்படி."

"அப்படியே இருக்கட்டும். வீசுங்க."

முதல் வீச்சில் மாட்டினால் குட்டு உடையும். தள்ளி வீசினார், பாசி வந்தது. இன்னும் தள்ளி வீசினார், அதுவும் வரவில்லை.

ஹில்லா மோட்டாரை அணைத்தாள்.

"நீங்க ரெண்டு தடவ தவறவிட்டு நான் பாத்ததே இல்ல. வலை எங்க இல்லன்னு உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரியுது."

தௌனோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். மூன்றாவதை வீச வேண்டிய இடத்தில் வீசினார். கயிறு கனத்தது.

ஒரு டஜன் மீன் வந்தது, ரொட்டிக்குப் போதும். நடுவே, மூக்கில் வலைநூல் அறுத்த காயத்தோடு, மூச்சடங்கிய குட்டி. கருவி கழலவில்லை, பசை நல்ல பசைதான்.

ஹில்லா நோட்டை எடுத்தாள். "யாரோட வலைன்னு எழுதட்டும்?"

"பனி அள்ளினவங்க பட்டியல்ல என் பேரை எழுதினியே," என்றார், குட்டியின் மூக்கிலிருந்து நூலைப் பிரித்தபடி. "அதே பேரை எழுது."