எண்ணெய் தேய்த்த ரப்பர் குழாய்

குற்றாலத்தில் சீசன் நாளில் வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு இன்ஜின் பாதி, வைப்பர் பாதி. ஐம்பதுகளின் கடைசியில் நான் வைத்திருந்த பழைய சீமைக் காரில் வைப்பருக்கென்று மோட்டார் கிடையாது. இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கிறதே, அந்த இழுப்பு ஒரு ரப்பர் குழாய் வழியாக வந்து வைப்பரை ஆட்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வைப்பர் தூங்கிவிடும். காலை எடுத்தால் எழுந்து ஆடும். மேட்டில் ஏறும்போது வண்டி போகவேண்டுமா, வழி தெரியவேண்டுமா என்று நான்தான் முடிவு செய்தாக வேண்டும்.

அந்தக் குழாய் வெடித்துப்போனதும் தென்காசி மெக்கானிக்கிடம் போனேன். அவர் இரண்டு குழாய்களை எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பு, உள்ளே நூல் பின்னி, விறகு மாதிரி விறைப்பாக இருந்தது. மற்றது சிவப்பு, மெத்தென்று இருந்தது.

"அண்ணாச்சி, கறுப்ப எடுங்க. இது காத்து ஊதுத குழாய் இல்ல, உறிஞ்சுத குழாய். விரலுக்கு அமுங்குனா இன்ஜினுக்கும் அமுங்கிரும்லா. மாட்டுததுக்குக் கஷ்டந்தான். ஆனா ஏறிட்டா எறங்காது."

நான் சிவப்பை எடுத்தேன். பானெட்டைத் திறந்தால் பார்வையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இன்ஜினில் நீட்டிக்கொண்டிருந்த பித்தளை மூக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு ஏறியது. கிளிப் கூடப் போடவில்லை.

அதோடு விட்டேனா? ஊர்ப்புத்தி என்று ஒன்று இருக்கிறதே. முதுகு பிடித்தாலும் மூளை சூடானாலும் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் சரியாகும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது. ரப்பர் வெடிக்காமல் இருக்கட்டுமே என்று தினமும் காலையில் குழாய்க்கு நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டேன். பெற்ற பிள்ளைக்குக்கூட வாரத்துக்கு ஒருநாள்தான்.

பத்து நாள் கழித்து ஓர் ஆனி மாத வெள்ளிக்கிழமை. ஒரு கல்யாண மாப்பிள்ளையையும் அவருடைய தாய்மாமனையும் ஏற்றிக்கொண்டு குற்றாலத்திலிருந்து ஆய்க்குடிக்குப் புறப்பட்டேன். பத்தரைக்குள் தாலி ஏறிவிட வேண்டும், பிறகு ராகுகாலம். பெண்ணின் அப்பா கடிகாரத்தோடு பிறந்தவர். நேரம் தப்பினால் கல்யாணமே இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்.

தென்காசி தாண்டியதும் சாரல் மழையாகிவிட்டது. வைப்பர் இரண்டு தரம் ஆடிவிட்டுப் படுத்தது. பானெட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று சத்தம்.

"ஏம் வே, உள்ள பாம்பு கெடக்கா? சீறுதே!" என்றார் பின்சீட்டு மாமன்.

"இன்ஜின் மூச்சு வாங்குது, அண்ணாச்சி."

"வண்டிக்குமா எளப்பு?"

இறங்கிப் பார்த்தேன். குழாய் எண்ணெயைக் குடித்து உப்பி, மூக்கிலிருந்து கழன்று தொங்கியது. திரும்ப மாட்டினேன், வழுக்கியது. கையால் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையை இன்ஜினைக் கிளப்பச் சொன்னேன். ஒரே உறிஞ்சில் குழாய் நாடாபோல் தட்டையாகிவிட்டது. மாமனும் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எதுல வே ஊறப்போட்டீரு?"

"நல்லெண்ணெய்."

"சீயக்காயும் போட்டீரா?"

அவர் கைக்கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிடம். மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. "மாமா, அவங்க அப்பா சொன்னா சொன்னதுதான்" என்றார் மெல்ல.

சீர்க்கூடையில் வெற்றிலைக் கட்டைச் சுற்றியிருந்த வாழைநாரை உருவினேன். முறுக்கி வைப்பரில் கட்டி, ஒரு நுனியை என் பக்கத்து ஜன்னல் வழியாகவும் மறுநுனியை மாப்பிள்ளை பக்கத்து ஜன்னல் வழியாகவும் விட்டேன். நான் ஒரு கையில் ஸ்டியரிங், மறுகையில் நார். பட்டுச்சட்டை போட்ட மாப்பிள்ளையைப் பார்த்து மாமன் பதறினார்.

"நீ விடுலே, நா இழுக்கேன்!"

"ஒங்களுக்குப் பின்னாலருந்து எட்டாது மாமா, நானே இழுக்கேன்."

சும்மா இருக்க முடியாமல் மாமன் தாளம் போட ஆரம்பித்தார். "டிரைவர் இழும்! மாப்ள இழு! டிரைவர் இழும்! ஏலே, தூங்குதியா? பொண்ணு வேணுமா வேண்டாமா?" பெண் என்றதும் மாப்பிள்ளை இழுத்த இழுப்பு, எந்த இன்ஜினும் இழுக்காது. நார் அறுந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

பத்து இருபதுக்குப் பெண் வீட்டு வாசலில் நின்றோம். பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்ன, மாப்பிள்ளைக்கு ஒரு கை மட்டும் நனைஞ்சிருக்கு?"

"குத்தாலத்துக்காரம்லா. அருவியில முழுசாக் குளிக்க நேரமில்ல" என்றார் மாமன், முகம் மாறாமல்.

ராகுகாலத்துக்குள் நுழையாமல் தாலி ஏறியது. சாப்பாட்டுப் பந்தியில் சீயக்காய்க் கதை எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. பாயசம் ஊற்றியவர், "எண்ணெய் விடவா?" என்று கேட்டார்.

மத்தியானம் மாமன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீரு வெறும் வண்டியக் கொண்டு வாரும். பொண்ணும் மாப்பிள்ளையும் பஸ்ல வருவாங்க. வலிக்குதுன்னு அவன் கைய மடக்க முடியாம நிக்கான்."

மழை விடவில்லை. நார் இழுக்க எனக்கு ஆளில்லை. வழி தெரியாததால் அவர்கள் ஏறிய பஸ்ஸின் முதுகைப் பிடித்தபடியே, அது ஊர்ந்தால் ஊர்ந்து, நின்றால் நின்று வந்தேன். நாலாவது நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கிவந்து என் ஜன்னலைத் தட்டினார்.

"அண்ணாச்சி, எங்க கூடவேதான் வாறீரு. டிக்கெட்டு?"