பல்கேரியா ஜெயித்த மறுநாள்

1993ஆம் வருடம், நவம்பர் மாதம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். வயது இருபத்தேழு. நமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைக்கிற வயது. எனக்கு அந்த நினைப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் எங்கள் மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கோன் வைண்டிங் மெஷின் வந்து இறங்கியது. சின்னக் கட்டைகளில் இருக்கும் நூலைப் பெரிய கோன்களாகச் சுற்றித் தரும் மெஷின். ரயில் பெட்டி நீளம் இருக்கும். அதைப் பொருத்திக் கொடுக்க அந்தக் கம்பெனி அனுப்பிய ஆள் பல்கேரியாக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம், பேச்சு குறைவு. தொழிலாளர்கள் எல்லோருக்கும் அவர் 'துரை'. அவருக்குக் கூடமாட இருக்க என்னைப் போட்டார்கள். என் திறமையைப் பார்த்துப் போட்டதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும் என்பதுதான் காரணம். அவருக்கும் நாலு வார்த்தைதான் வரும். ஆனால் அவருடைய நாலும் என்னுடைய நாலும் வேறு வேறு.

எங்களைச் சேர்த்துவைத்தது கால்பந்து. ராஜபாளையத்தில் கூடைப்பந்துக்கு இருக்கும் மரியாதையில் கால்வாசிகூடக் கால்பந்துக்குக் கிடையாது. எனக்கு மட்டும் தொண்ணூறாம் வருட உலகக் கோப்பையை டிவியில் பார்த்ததிலிருந்து அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பேப்பரில் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரி வந்திருந்தாலும் தேடிப் படித்துவிடுவேன். முதல் நாளே அவரிடம் போய், "பல்கேரியா ஃபுட்பால் குட்" என்றேன். மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த வருடம் அமெரிக்காவில் உலகக் கோப்பை. அதற்கான தகுதிச் சுற்று ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆறு காலிக் காகிதக் கோன்களைத் தரையில் நிறுத்தி எனக்கு விளக்கினார். ஸ்வீடன், பிரான்ஸ், பல்கேரியா, ஆஸ்திரியா, பின்லாந்து, இஸ்ரேல். இந்த ஆறு பேரும் ஒரே பிரிவு. இவர்களில் இரண்டு பேருக்குத்தான் அமெரிக்கா. ஸ்வீடன் ஏற்கெனவே டிக்கெட் வாங்கிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு இடம். பிரான்ஸ் ஒரு புள்ளி முன்னால் நிற்கிறது, பல்கேரியா பின்னால். கடைசி ஆட்டம் இந்த இரண்டு பேருக்கும் நடுவில், அதுவும் பாரிஸில். பிரான்ஸ் டிரா செய்தாலே போதும். பல்கேரியா ஜெயித்தே ஆக வேண்டும்.

பச்சைக் கோன்தான் பல்கேரியா. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் இப்போது ரொட்டிக்கும் வரிசை, பாலுக்கும் வரிசை, எங்களுக்குச் சந்தோஷப்பட இது ஒன்றுதான் பாக்கி என்கிற மாதிரி ஏதோ சொன்னார். பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடை. அந்த நிமிடத்திலிருந்து நானும் பல்கேரியாக்காரன் ஆகிவிட்டேன்.

இனி தலை விஷயத்துக்கு வருகிறேன். அவர் வந்த புதிதில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. டீ வேண்டுமா என்றால் மேலும் கீழுமாகத் தலையாட்டுவார், கொடுத்தால் குடிக்க மாட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் ஊரில் மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை', இடமும் வலமும் ஆட்டினால் 'ஆமாம்'. நமக்கு நேர் எதிர். இரண்டாவது வாரம் அவரே தன் மண்டையைத் தட்டிக் காட்டி, "நௌ இந்தியா ஹெட்" என்று சிரித்தார். அன்றிலிருந்து நம்மைப் போலவே ஆட்டப் பழகிக்கொண்டார். துரை மாறிவிட்டார், இனிமேல் குழப்பமில்லை என்று மில் முழுக்கச் சொல்லிவைத்தது நான்தான்.

அந்தத் தலையாட்டலை நம்பித்தான் எங்கள் வேலையே நடந்தது. மெஷினின் ஒரு கோடியில் பட்டன் பெட்டி, அங்கே நான். மறுகோடியில் மோட்டாரும் பெல்ட்டும், அங்கே அவர். பெல்ட்டைச் சரிபார்க்க மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். பச்சைப் பட்டனை அமுக்கி உடனே விட்டால் ஒரு சுற்றோ அரைச் சுற்றோ சுற்றி நிற்கும். பக்கத்தில் பழைய மெஷின்கள் ஓடும் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். வெளியே தெரிவது தலைதான். நான் கட்டைவிரலைக் காட்டி 'போடட்டுமா' என்று கேட்பேன். அவர் மேலும் கீழும் ஆட்டினால் போடலாம். இடவலமாக ஆட்டினால் பொறு.

எங்கள் மேஸ்திரி இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். தலையாட்டினாலும் சரி, ஒவ்வொரு தடவையும் நடந்து போய்க் கை வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் பட்டனைத் தொட வேண்டும். நாலு நாள் நடந்தேன். அதற்கப்புறம், துரையும் நானும் ஒரே டீம், எங்களுக்குள் எதற்கு இந்த நடை என்று விட்டுவிட்டேன்.

ஆட்டம் நடந்தது நம் கணக்குக்கு நடுராத்திரிக்கு மேல். காலைப் பேப்பரில் வராது. அப்பாவின் டிரான்சிஸ்டரில் வெளிநாட்டு ஸ்டேஷனைப் பிடித்துக் கேட்டு வருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அன்றைக்கென்று கார்த்திகை மழை கொட்டித் தள்ளியது. ரேடியோவில் ஒரே கரகரப்பு. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏலே, காதை அதுலயே ஒட்டிக்கிட்டு கெடக்கியே, பாரின்ல யாரும் பெரிய தலை போயிட்டாவளா?" என்றார். முதல் செய்தியில் விளையாட்டு வருமிடத்தில் இடி இடித்தது. வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த செய்திவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்போது கேட்டது. பாரிஸில், ஆட்டம் முடியப்போகிற கடைசி நேரத்தில் கோல். பல்கேரியா இரண்டு, பிரான்ஸ் ஒன்று.

தேரடியிலிருந்து பஸ் ஏறினேனே தவிர, என் மனசு பஸ்ஸுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் முகம் எப்படி மாறும் என்பது ஒன்றுதான் நினைப்பு. இந்தச் செய்தியைச் சொல்ல ராஜபாளையத்திலேயே நான் ஒருத்தன்தான் இருக்கிறேன் என்கிற பெருமை வேறு. வழியில் தண்ணீர் கட்டிக்கிடந்து பஸ் ஊர்ந்து போனது. மில்லுக்குள் நுழையும்போது இருபது நிமிடம் தாமதம். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

அவர் எனக்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கியிருந்தார். மறுகோடியில் மெஷின் மேல் குனிந்து, தோளும் தலையும் மட்டும் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். என்ன ஆச்சு என்று கேட்கிறார். நான் பட்டன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அவரைச் சுட்டிக் காட்டி இரண்டு விரல் தூக்கினேன். பிறகு எங்கோ தூரத்தைக் காட்டி ஒரு விரல். செத்த நேரம் அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் காட்டினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக, வேலையைப் பார்ப்போம் என்று கட்டைவிரலைக் காட்டினேன். போடட்டுமா?

அவர் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை, பலமாக. ஏதோ கத்தவும் செய்தார். "ஏ! ஏ!" என்று கோல் போட்டவன் போடும் கூச்சலாகத்தான் எனக்குக் கேட்டது. நானும் பதிலுக்கு "ஏ!" என்று கத்திக்கொண்டே பச்சைப் பட்டனில் விரலை வைத்தேன்.

சடாரென்று என் முழங்கையில் ஏதோ வந்து மோதியது. விரல் வழுக்கிப் பெட்டியின் ஓரத்தில் இடித்துக்கொண்டது. பாதி நூல் சுற்றிய ஒரு கோன் என் காலடியில் உருண்டு ஓடியது. பக்கத்து வரிசையில் பழைய வைண்டிங் மெஷினில் வேலை பார்க்கும் பெண் அதை எறிந்திருந்தாள்; அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் துரையின் கை தெரியும். சுந்தரபாண்டியத்திலிருந்து வருகிற பெண். அவளோடு நான் அதுவரை நாலு வார்த்தை பேசியது கிடையாது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? யார் மேல எறியுத?"

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. துரையை நோக்கி ஓடிக்கொண்டே, "அண்ணே, கைய எடுங்கண்ணே! துரை கை உள்ள கெடக்கு! அவரு வேணாங்காரு!" என்று அலறினாள்.

"தலைய ஆட்டுதாரே..." என்றேன்.

"வேணாம்னுதாண்ணே ஆட்டுதாரு!"

அப்போதுதான் நடந்து போய்ப் பார்த்தேன். முதலிலேயே நடந்திருக்க வேண்டிய அதே தூரம். அவருடைய வலது கை முழங்கை வரைக்கும் பெல்ட்டுக்கும் அது ஓடும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. சட்டைக் கை ஒரு போல்ட்டில் மாட்டி, இழுக்க இழுக்க இறுகியிருந்தது. நான் பட்டனைத் தொட்டிருந்தால் அரைச் சுற்றுக்கூட வேண்டாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்தான் நூல் வெட்டும் கத்தியால் சட்டையைக் கிழித்து அவர் கையை வெளியே எடுத்தாள். ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டி, மெதுவாக, "டுடே... மை ஹெட் கோ ஹோம்" என்றார். இரண்டு மாதமாகக் கவனமாகப் பழகி வைத்திருந்த நம் ஊர்த் தலையாட்டல், ஊர் ஜெயித்த செய்தி கேட்ட நிமிடத்தில் மறந்துபோயிருக்கிறது. எனக்கு 'ஏ' என்று கேட்டது அவர்கள் பாஷையில் 'நே'. அப்படியென்றால் 'இல்லை'.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "நான் டெய்லி பத்து மணிக்கு அவருக்குக் கடலை நீட்டுவேம்லாண்ணே. சும்மா இருக்கப்ப நம்மள மாதிரி ஆட்டுவாரு. மும்முரமா இருந்தாருன்னா மேலயும் கீழயும் ஆட்டுவாரு, ஆனா எடுக்க மாட்டாரு. இது கூடவா தெரியாது?" என்றாள். எனக்குத் தெரியாது.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "ஏமிரா இதி?" என்னடா இது என்று ஆரம்பித்து, போய்ப் பார்த்தியா பார்க்கலையா என்றார். துரையிடம் திரும்பி, என்னைக் கைகாட்டி, "ஹிஸ் மிஸ்டேக்?" என்று கேட்டார். துரை என்னைப் பார்த்தார். பிறகு தலையை மேலும் கீழுமாக இரண்டு தடவை ஆட்டினார்.

மேஸ்திரிக்கு அது போதும். மூன்று நாள் வேலை கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த மூன்று நாளும் எனக்கு ஒரே யோசனை. அவர் ஆட்டியது எந்தத் தலை? ஆமாம், இவன் தப்புதான் என்றாரா? இல்லை, இவனை விட்டுவிடுங்கள் என்றாரா? நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் அவர் ஒரு வாரம் மில்லில் இருந்தார். முன்னைப் போலவே சிரித்தார், கோன்களை வைத்து அமெரிக்காவுக்குப் போகிற நாடுகளைப் பற்றிப் பேசினார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தன் கையையே இழந்திருக்கக்கூடிய மனிதர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார் என்று தெரிந்தால், அதைத் தாங்கிக்கொள்கிற தைரியம் எனக்கில்லை.

அந்தப் பெண்ணிடம் மட்டும், எத்தனை பேர் முன்னால் ஏசினேனோ அத்தனை பேர் முன்னால் போய், "தப்பு எம்மேலதான் தாயி, மன்னிச்சிரு" என்றேன். "அதுக்கென்னண்ணே. கோனு வீணாப் போச்சுன்னு மேஸ்திரி என்னையும்தான் ஏசினாரு" என்று சொல்லிவிட்டு அறுந்த நூலை முடியப் போய்விட்டாள்.

துரையின் நாடு எந்தப் பிரிவு, எத்தனை புள்ளி, யாரை ஜெயித்தால் எங்கே போகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் 'வேண்டாம்' என்றால் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. ரிட்டயர் ஆகப்போகிற வயது எனக்கு. இன்றைக்கும் யாராவது தூரத்திலிருந்து தலையாட்டினால் என் விரல் நின்றுவிடும். பக்கத்தில் போய், முகத்தைப் பார்த்து, வாயால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.