கரி லாரி சத்தம் போடாமல் நின்ற நாள்

என் மடியில் மூன்று வயதுப் பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் ஊதுவதுபோல் ஒரு சத்தம். உதடு நீலம் பூத்துவிட்டது. கர்த்தருடைய பிள்ளைகளே, என் சாட்சியை அங்கிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அன்னபாக்கியம். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து இரண்டாவது வருஷம் அது, மழைக்காலம். சிராங்கூன் ரோட்டில் ஆறாவது மைல் கட்டை தாண்டி ஒரு விறகுக் கிட்டங்கி இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே லாரி ஓட்டினார். கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அரிசி கண்ணில் படாது. மரவள்ளிக்கிழங்குதான் காலைக்கும் ராத்திரிக்கும். எங்களுக்கு இருந்த ஒரே பிள்ளை கிருபை.

அந்த லாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் அதைக் கரியில் ஓடும்படி மாற்றியிருந்தார்கள். பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஓர் இரும்பு அடுப்பு. அதில் கரியை எரித்து, வருகிற வாயுவை எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். அடுப்போடு ஒரு காற்றாடி உண்டு. அதன் கைப்பிடியை ஒருவர் சுற்ற, முன்னால் இன்னொருவர் இரும்புக் கம்பியைப் போட்டு முறுக்கினால்தான் வண்டி உயிர் பெறும். காற்றாடி சுற்றுவது தினமும் என் வேலை. அதனால் அந்த லாரி போடும் ஒவ்வொரு சத்தமும் எனக்கு அத்துப்படி.

அதற்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ஓடும்போது முனகிக்கொண்டே ஒழுங்காக ஓடும். எஞ்சினை நிறுத்தினால் மட்டும் 'டொப்'பென்று துப்பாக்கி சுட்ட மாதிரி வெடிக்கும். ஒரு நாளும் தவறாது. அக்கம்பக்கத்துக் கோழியெல்லாம் தெறித்து ஓடும். "துரை வந்தாச்சு, வேட்டுப் போட்டாச்சு" என்று நான் அவரைக் கிண்டல் செய்வேன். அந்தக் காலத்திலும் சிரிக்கத்தான் செய்தோம்.

பொழுது விடிந்ததும் கிருபையைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினோம். தேக்கா பக்கம் ஆஸ்பத்திரி. நேர் ரோடுதான். ஆனால் நடுவில் ஒரு பாலம், பாலத்துக்கு முன்னால் ஜப்பான்காரன் காவல். முந்தின வாரம் அங்கே யாரும் இல்லை. அன்றைக்குக் கட்டையைக் குறுக்கே போட்டு, துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். அதில் ஒருவன் கையைத் தூக்கினான்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாக்கியம், எஞ்சின நிறுத்தினா வெடிக்கும். வெடிச்சா சுட்டுருவான்."

"நிறுத்தாமப் போனா?"

"அப்பவும் சுடுவான்."

கோப்பியைச் சிந்தாமல் குடிக்கத் தெரியாத மனுஷர் அவர். சின்ன விஷயத்துக்கெல்லாம் கை நடுங்கும். அந்தக் கையில்தான் எங்கள் மூன்று பேர் உயிரும் இருந்தது. எனக்கு முழு ஜெபம் வரவில்லை. சபையில் கற்றுக்கொண்டதெல்லாம் மறந்துபோயிற்று. வாய்விட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, இந்த லாரியோட வாய மூடும். இவர் கையப் பிடிச்சுக்கொள்ளும்."

அவர் வேகத்தைக் குறைத்தார். கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கட்டைக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். நான் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டேன்.

லாரி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அவ்வளவுதான். சத்தமே இல்லை. அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அந்த லாரி அப்படி நின்றதே கிடையாது. நான் உயிரோடு இருக்கும்வரை இதைச் சொல்லுவேன்.

சிப்பாய்களோடு ஒரு மலாய்க்காரப் போலீஸ் நின்றார். "பெலான், பெலான்" என்று உதடு அசையாமல் சொன்னார். மெதுவாக, பதறாமல் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் இரண்டு கையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு இறங்கினார். நான் பிள்ளையோடு இறங்கினேன். இருவரும் இடுப்பு வரை குனிந்தோம். சிப்பாய் கிட்டே வந்து கிருபையின் முகத்தில் கிடந்த துணியை விலக்கிப் பார்த்தான். அந்த விசில் சத்தத்தைக் கேட்டான். என்ன நினைத்தானோ தெரியாது. கையை வீசிப் போகச் சொன்னான்.

போவது எப்படி? லாரி அணைந்து கிடக்கிறது. அவர் முன்னால் கம்பி முறுக்க வேண்டும். என் கையில் பிள்ளை. காற்றாடியை யார் சுற்றுவது? பிள்ளையை ரோட்டில் போடவும் மனம் வரவில்லை.

சிப்பாய் திரும்பி யாரையோ கத்திக் கூப்பிட்டான். அப்போதுதான் நான் ரோட்டோரத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு தமிழர் வெயிலில் முட்டிபோட்டுக்கொண்டு, தலைக்கு மேல் பெரிய கல்லைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். காதில் சிவப்புக் கல் கடுக்கன். நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. கல்லை இறக்கிவிட்டு எழுந்தார். நடக்கக் கால் வரவில்லை. எங்கள் காற்றாடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். கை வெடவெடவென்று ஆடியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"புள்ளைக்கு என்னம்மா?"

"தொண்டை அடைச்சிருக்குண்ணே. உங்களை ஏண்ணே இப்படி வச்சிருக்காங்க?"

"ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டேன். நம்ம வழக்கம் அதானே? குனியணுமாம். திமிருன்னு நெனச்சுட்டான்."

எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. அவர் கையை எடுத்தார். "பயப்படாம போம்மா. புள்ளை பொழைச்சுக்கும்" என்றார். பேர்கூட நான் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் முட்டிபோட்டு, கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தார். கல் பாதி வரைதான் போயிற்று. அதற்கு மேல் கை எழும்பவில்லை.

பாலத்தைத் தாண்டியதும் பின்னால் ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

"நம்ம வண்டிதான்" என்றார் என் வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைத்தார். 'டொப்'பென்று வெடித்தது, எப்போதும்போல. அப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஓடுகிற வண்டி வெடிக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் கிருபையின் தொண்டையில் சின்னதாகத் துளைபோட்டு மூச்சுக்கு வழி பண்ணினார். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒண்டும் செய்திருக்க ஏலாது, தங்கச்சி" என்றார். என் பிள்ளை பிழைத்தது. இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தழும்பு இன்றைக்கும் கழுத்தில் இருக்கிறது. ஸ்தோத்திரம்.

மறுநாள் பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாங்கள் அதே வழியாகத்தான் திரும்பினோம். கட்டையும் இல்லை, காவலும் இல்லை. கல் மட்டும் ரோட்டோரத்தில் கிடந்தது. பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பார்த்தோம். எல்லோரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர் வீட்டுக்குப் போனாரா, போகவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கல் பல வருஷம் அங்கேயே கிடந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ரோட்டை அகலமாக்கியபோது அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் இப்போதும் அந்த இடம் வந்தால் என் கண் தானாக அந்தப் பக்கம் போகிறது.

சபைப் பெரியவர் ஒருவர் போன வாரம் என்னிடம் தன்மையாகச் சொன்னார், "பிள்ளை பிழைத்ததோடு முடித்துவிடுங்கள் அம்மா, மீதியைக் கேட்டால் ஜனங்களுக்கு விசுவாசம் தளரும்" என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் ஜெபத்துக்குப் பதில் வந்ததே காற்றாடி சுற்றின அந்த மனுஷருடைய கை வழியாகத்தானே. அந்தக் கையை விட்டுவிட்டுச் சாட்சி சொன்னால் ஆண்டவர் என்னைச் சும்மா விடுவாரா? அந்த மனுஷரும் அன்றைக்குத் தன் சாமியைக் கூப்பிட்டிருப்பார். எனக்கு ஏன், அவருக்கு ஏன் இல்லை என்று ஆண்டவரிடம் நான் சண்டைபோட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. எனக்கு அது போதுமா என்று கேட்டால், சில நாள் போதும், சில நாள் போதாது.

போன மாதம் மருமகனுடைய டாக்சியில் டோபி காட் பக்கம் போனோம். டிராபிக் போலீஸ் கையைக் காட்டி நிறுத்தியது. மருமகன் ஏதோ முணுமுணுத்தான்.

"எஞ்சின அணைப்பா. ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வை. கேட்டதுக்கு மட்டும் மரியாதையா பதில் சொல்லு" என்றேன்.

"ஏன் அத்தை, பின்னால லைட் எரியலைன்னு சொல்லப் போறாரு, அவ்வளவுதான் லா" என்று சிரித்தான். அவன் சொன்னதுதான் விஷயம். அந்தப் போலீஸ்காரப் பையன் நல்ல பிள்ளை, எனக்கு வணக்கம்கூடச் சொன்னான். கையைக் கூப்பி. நான் அவனைப் பார்க்கவில்லை. ரோட்டோரத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் முட்டிபோட்டுக்கொண்டு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆபத்து உங்களை வழிமறித்து நிறுத்தும்போது ஆண்டவரைக் கூப்பிடுங்கள். நீளமான ஜெபம் வேண்டாம், பதறுகிற கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். அவர் பிடிப்பார், நான் கண்ணால் பார்த்தவள். கூப்பிட்டுவிட்டு, ரோட்டோரத்தையும் ஒரு தடவை பாருங்கள். இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளைகளுக்காக முழங்கால்போடும்போது இன்னும் ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேர் தெரியாது. காதில் சிவப்புக் கல் கடுக்கன் போட்டவர் என்று சொல்லுங்கள். ஆண்டவருக்குத் தெரியும்.