சாவிக்காரர் கடையில் உடைந்த பூட்டு

எங்கள் அத்தானைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. சாவிக்காரர் என்று கேட்டால் ஆளாளுக்கு வழி காட்டுவார்கள். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன், தங்கமான மனிதர். பூட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் வாய்க்குப் பூட்டே கிடையாது. "என் கையால போட்ட பூட்டை எவனாலயும் உடைக்க முடியாது" என்று தினமும் யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமான புதிதில் அக்கா இதைக் கேட்டுப் பூரித்துப் போவாள். இப்போதெல்லாம் "என் கையால" என்று அவர் தொடங்கியதுமே எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

இன்னொரு குணமும் உண்டு. கோணல்மாணலாக எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், எல்லோரும் கூடத்தில் அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்காவுக்கு மானமே போய்விட்டது. அந்த வீட்டுக்காரர்கள் என்னவோ அவரை இன்றைக்கும் வாழ்த்துகிறார்கள்.

அவர் கடையும் என் கடையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகள், நடுவில் ஒரே சுவர்தான். என்னுடையது ஜெராக்ஸ் கடை. நான் சீக்கிரம் வந்து திறப்பவள் என்பதால், அவர் கடையின் மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். அவருக்குச் சரக்கு வந்தால் திறந்து வாங்கி வைப்பேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்காதீர்கள். பின்னால் இது என் கழுத்தைச் சுற்றியது.

அத்தான் பாதி ஆயுளுக்கு அரத்தை வைத்துக்கொண்டு சாவிகளை ராவிக்கொண்டிருந்தவர். கார் சாவிகூட வெட்டுகிற கம்ப்யூட்டர் மெஷினுக்கு ஆசைப்பட்டு, அக்காவின் வளையலை விற்று வாங்கினார். அக்காவின் பிடிவாதத்தால் அதற்கு இன்சூரன்ஸும் எடுத்தார். மெஷின் வந்த பிறகு வேலை குவிந்தது. அதை ஒரு குழந்தையைப் போலத் துணி போட்டு மூடித்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

ஒருநாள் காலையில் நான் வந்தபோது அவர் கடைக்கு முன்னால் கூட்டம். உள்ளே ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. மேஜை வெறுமையாக இருந்தது. மெஷினைக் காணோம். மூடியிருந்த துணி மட்டும் தரையில் கிடந்தது.

போலீஸ்காரர் வந்தார். பாதி இறக்கியிருந்த ஷட்டரில் சாய்ந்து நின்றபடி விசாரித்தார். விலகியபோது அவருடைய பேண்டில் சாம்பல் நிறப் பெயிண்ட் அப்பியிருந்தது.

"என்னய்யா இது? திருட்டுப் போன கடைக்குப் பெயிண்ட் அடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

"நேத்து அடிச்சது சார், இன்னும் காயல" என்றார் அத்தான்.

அந்த நேரத்திலும் கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எப்படி உள்ளே வந்தார்கள் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, "கள்ளச்சாவி போட்டிருப்பாங்க சார்" என்றார். பூட்டைப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. நாங்களும் நம்பிவிட்டோம்.

பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூட்டு நல்லாத்தானே இருக்கு?" என்றார். அவ்வளவுதான், நம் ஆளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பின்னே? என் கையால போட்ட பூட்டு சார் இது. எவனாலயும் உடைக்க முடியாது!"

வந்தவர் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு போனார்.

அதன் பிறகு கம்பெனியில் பேச்சுமூச்சு இல்லை, கிணற்றில் போட்ட கல்தான். அக்கா போன் செய்தால் ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். நான் செய்தால் ஃபைல் இன்னும் கீழேயே இருக்கிறது என்பார்கள். அத்தான் பழையபடி அரத்தைக் கையில் எடுத்தார். கார் சாவிக்கு வருகிறவர்களை அவரே அடுத்த தெருக் கடைக்கு வழி சொல்லி அனுப்பியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் கம்பெனி கையை விரித்தது. பூட்டை உடைத்துப் புகுந்த அடையாளம் இருந்தால்தான் பணமாம். இங்கே பூட்டு முழுசாக இருக்கிறதாம், உடைக்கவே முடியாது என்று உரிமையாளரே சொல்லியிருக்கிறாராம். அதோடு விட்டார்களா? மாற்றுச் சாவி ஒரு உறவினரிடம் இருந்ததும் விசாரணையில் தெரியவந்ததாம்.

அந்த உறவினர் நான்தான்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருத்தி, "உங்ககிட்டதான் சாவி இருந்துச்சாமே?" என்று இளித்துக்கொண்டே கேட்டாள். நேராக அத்தான் கடைக்குப் போய் மாற்றுச் சாவியை மேஜையில் விட்டெறிந்தேன். "இந்தாங்க உங்க சாவி. திருடிப் பட்டம் வாங்கினது போதும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதில் எனக்கு இன்னும் ஆத்திரம்.

என் கடைக்குத் தினமும் ஒரு வக்கீலம்மா வருவார். மை மங்கலாக இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லி உயிரை வாங்குவார். காகிதத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பதைக்கூட என்னிடம் விடமாட்டார். அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "சாயங்காலம் ரெண்டு பேரும் வாங்க. அதுவரைக்கும் கம்பெனிக்காரங்ககிட்ட யாரும் போன்ல பேசக் கூடாது. என்ன பேசினாலும் எழுத்துல இருக்கணும்" என்றார்.

அவருடைய அறையில் மூன்று நாற்காலிகள், ஒரு மின்விசிறி, மேஜை கொள்ளாத வழக்குக் கட்டுகள். நான் அத்தானோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீலம்மா கம்பெனியின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூட்டை வந்து பார்த்தாங்களா?"

"பார்த்தாங்கம்மா" என்றார் அத்தான்.

"தினம் திறந்து மூடுற பூட்டுல ஒரு கீறல்கூட இல்லையாமே. எந்தப் பூட்டை?"

அத்தான் மேஜையில் கோணலாகக் கிடந்த கட்டு ஒன்றை எடுத்து நேராக அடுக்க ஆரம்பித்தார்.

"இந்தக் கடிதாசில இவங்க பேரை இழுத்திருக்காங்க. இப்படியே விட்டா இது அழியாது. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா இப்ப சொல்லிடுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். அப்புறம் எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னார். "உடைச்சிட்டாங்கம்மா. கடப்பாரையால நெம்பி உடைச்சிட்டாங்க. அன்னைக்கு ஒரு அவசர வேலைக்காக இருட்டோட முதல்ல வந்தது நான்தான். பார்த்ததும் கை சும்மா இருக்கல. வேற பூட்டு மாட்டினேன், வளைஞ்ச தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்டும் அடிச்சிட்டேன். அப்புறம்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். சாவிக்காரன் கடைப் பூட்டே உடைஞ்சுதுன்னா அப்புறம் எவன் வருவான் எங்கிட்ட?"

எனக்கு அழுவதா, அவரை நாலு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை. "அடப்பாவி அத்தான்!" என்று கத்தியே விட்டேன்.

"பழைய பூட்டு எங்கே?"

"வச்சிருக்கேன். தூக்கிப்போட மனசு வரல."

வக்கீலம்மா திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். "மறைச்சது தப்பு. அவங்க கண்டுபிடிச்சா வழக்கு போச்சு. நீங்களே முன்வந்து சொன்னா வழி இருக்கு. ஆனா எல்லார் முன்னாடியும் சொல்லணும். முடியுமா? இன்னொண்ணு, பூட்டை நீங்களே அப்புறமா உடைச்சீங்கன்னு சொல்வாங்க. அன்னைக்குக் காலையில உடைஞ்சதுதான்னு சொல்ல யாராவது இருக்காங்களா?"

எனக்குச் சட்டென்று போலீஸ்காரரின் பேண்ட் ஞாபகம் வந்தது. சொன்னேன். வக்கீலம்மா முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "ஈரப் பெயிண்டா? அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுறேன்" என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் அவர் கைவேலை. கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. பதில் வராததால் நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு போட்டார். ஒரு இன்ஜினீயரை அழைத்துவந்து ஷட்டரின் பெயிண்டைச் சுரண்ட வைத்தார். அடியில் தட்டி நிமிர்த்திய இடம் அப்பட்டமாகத் தெரிந்தது. உடைந்த பூட்டில் இருந்த கடப்பாரைத் தழும்பையும் அந்த இன்ஜினீயர் எழுதிக் கொடுத்தார். கம்பெனி வாய்தாவுக்கு மேல் வாய்தா கேட்டது. வக்கீலம்மா விடவில்லை, ஒவ்வொரு முறையும் எழுந்து எதிர்ப்புச் சொன்னார்.

விசாரணை நாளன்று எங்கள் தெருவிலிருந்து பாதிப் பேர் வந்துவிட்டார்கள், வேடிக்கை பார்க்கத்தான். முதலில் போலீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். இவ்வளவு நாள் கழித்து ஈரப் பெயிண்ட் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கம்பெனி வக்கீல் மடக்கினார்.

"மறக்க முடியுமா சார்? புது பேண்ட். கறை போகலைன்னு என் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் திட்டுறா."

நீதிபதியே சிரித்துவிட்டார். அடுத்து அத்தான் போய் நின்றார். கம்பெனி வக்கீல் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "இந்தப் பூட்டை எவனாலயும் உடைக்க முடியாதுன்னு நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

அத்தான் திரும்பி எங்கள் தெருக்காரர்களை ஒருமுறை பார்த்தார். அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேன் சார். வீம்புக்குச் சொன்னேன். என் பூட்டை உடைச்சிட்டாங்க. வெட்கப்பட்டு அதை மறைச்சேன். என் வாயாலதான் என் கொழுந்தியா மேல பழி வந்துச்சு. அவ என் கடைச் சாவியை என்னைவிடப் பத்திரமா வச்சிருந்தவ."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அதுவரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தவள், அதற்குமேல் எப்படி முறைப்பேன்?

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பூட்டைச் சரிசெய்ததும் அதை மறைத்ததும் தவறு என்று நீதிபதி அத்தானைக் கண்டித்தார். ஆனால் உடைத்துப் புகுந்தது உண்மை, ஆதாரமில்லாமல் உறவினரைச் சந்தேகித்து இழுத்தடித்ததற்குக் கம்பெனி மெஷின் பணத்தோடு இழப்பீடும் சேர்த்துத் தர வேண்டும் என்றார். வெளியே வந்ததும் வக்கீலம்மாவிடம், தீர்ப்பு நகலை எத்தனை பிரதி வேண்டுமானாலும் நல்ல மையில் இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்றேன். "பின் நானே அடிச்சுக்கிறேன்" என்றார் அவர்.

வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தோம். படுக்கவில்லை. அந்த உடைந்த பூட்டைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். அத்தான் அதை எடுத்துக் காட்டி, எங்கே நெம்பினான், எதனால் தாங்கவில்லை என்று விளக்கிவிட்டு, அதைவிடக் கெட்டியான பூட்டை விற்றுவிடுவார். "என் கையால" என்ற பேச்சு மட்டும் நின்றுபோனது. இப்போது வேறு பல்லவி. "எதை வேணா உடைப்பாங்க, இன்சூரன்ஸ் எடுத்துக்கோங்க. உடைஞ்சா தொட்டுடாதீங்க. இழுத்தடிச்சா பக்கத்துக் கடையில வக்கீலம்மா நம்பர் இருக்கு, வாங்கிக்கோங்க." இதையும் அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சமையலறைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

புது மெஷின் வந்து இறங்கிய அன்று கடை நிறையக் கூட்டம். முதல் சாவி தன் காருக்குத்தான் என்று ஒருவர் துடித்துக்கொண்டிருந்தார். அத்தான் அவரை இருக்கச் சொல்லிவிட்டு ஒரு சாவியை வெட்டினார். பிசிறைத் தேய்த்து, ஊதிவிட்டு, அத்தனை பேரும் பார்க்க என் கடைக்குள் வந்தார்.

"இந்தாம்மா. கடைச் சாவி."

"எதுக்கு எனக்கு? நாளைக்குத் திருடு போனா மறுபடி நான்தானா?"

"போனா போகட்டும். இது உன்கிட்டதான் இருக்கணும்."

கொஞ்சம் பிகு செய்துகொண்டுதான் வாங்கினேன். சாவி இன்னும் சூடாக இருந்தது.