பதினேழாம் எண்ணின் மூன்றாவது அச்சு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோயம்புத்தூரில் நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கைபேசியில் மரகதத்தின் பெயர் வந்தது. "சொல்லுங்க மரகதம்" என்றேன். "மேடம்" என்றது அந்தக் குரல். அதே கரகரப்பு. அதே சிறு இடைவெளி. "அம்மா தவறிட்டாங்க மேடம். நேத்து சாயங்காலம், அரவேணுல பஸ்சுக்கு நின்னுட்டு இருந்தப்ப." மரகதத்தின் தாயார் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டது எனக்குத் தெரியும். குழம்பிப்போய், "எந்த அம்மா?" என்று கேட்டேன். "எங்கம்மா, மேடம். மரகதம்."

பேசியது அவருடைய மகள். அது புரிவதற்குள் கடந்த சில நொடிகளை என்னால் இன்னும் விளக்க முடியவில்லை. இறந்தவர் பேசுவது போன்றவற்றுக்கு மனதில் இடம் கொடுக்கிறவள் அல்ல நான்.

உங்களில் பலர், குன்னூரில் அவர் கடைசியாக வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவரிடம் கை நீட்டியிருப்பீர்கள். அதற்கு முன்பு அவரும் நானும் அதே ஊரில் ஒரு சிறிய தோல் ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். தான் விற்கும் கொலாஜன் பொடியைக் குடித்தால் தோலின் ஈரம் கூடுகிறதா, சுருக்கம் குறைகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. தேயிலை பறிக்கும் பெண்கள் சிலர் மூன்று மாதம் பொடி குடிக்கச் சம்மதித்தார்கள். பாதிப் பேருக்குக் கொலாஜன். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அளவெடுப்பது மரகதத்தின் வேலை. அந்த அளவுகளிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது என் வேலை.

"மீன் தோல்ல இருந்து எடுக்கறதாமே" என்றார் முதல் நாள், பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "பொழுதுக்கும் தண்ணிக்குள்ளயே கெடந்த தோலு. அதைக் கரைச்சுக் குடிச்சா நமக்கு ஈரம் வந்துருமாக்கும்."

அளவெடுப்பதற்கு முன் பெண்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஜன்னல்கள் அடைத்த அறையில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். தோல் அறைக்குப் பழக வேண்டும் என்பது விதி. ஒருநாள் முற்பகலில் கதவுக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொருவராக அளக்க அளக்க, ஈரப்பதத்தின் எண் ஏறிக்கொண்டே போனது. எனக்கு மகிழ்ச்சிதான். மரகதம் ஈரம் அளக்கும் கருவியின் முனையை எடுத்து, மேசை மீது கிடந்த ஒரு காகிதத்தில் வைத்தார். அந்த எண்ணும் ஏறியது. "பாருங்க மேடம், பேப்பருக்கும் வயசு கொறைஞ்சிருச்சு" என்றார். அன்றைய அளவுகள் அத்தனையையும் அடித்துவிட்டு, பெண்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

சுருக்கத்தை அளக்க வேறு வழி. கண்ணின் வெளி ஓரத்தில் சிலிகான் பசையைத் தடவிச் சில நிமிடங்கள் விட்டால் இறுகிவிடும். உரித்து எடுத்தால் காசளவில் ஒரு சாம்பல் நிற வில்லை கிடைக்கும். தோலில் பள்ளமாக இருப்பது அதில் மேடாக நிற்கும். அந்த அச்சுகளை எண்ணும் பெயரும் ஒட்டி ஓர் இழுப்பறையில் வரிசையாக வைத்திருந்தோம். முகங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று பெண்கள் சொல்லியிருந்ததால் எங்களிடம் இருந்தவை கண்ணோரங்கள் மட்டுமே. தனியாக இருக்கும்போது அந்த இழுப்பறையைத் திறக்க எனக்குப் பிடிக்காது. மரகதமோ ஒவ்வொரு அச்சையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்காமலே ஆளைச் சொல்வார்.

பதினேழாம் எண் செல்லம்மா. முதல் இரண்டு முறையும் அவருக்கு அச்செடுத்தவர் மரகதம். நான் செல்லம்மாவைப் பார்த்தது இல்லை. மூன்றாம் முறை மரகதம் விடுப்பில் இருந்தார். நான் பெயரைக் கூப்பிட்டேன், ஒரு பெண் எழுந்து வந்தார், அச்செடுத்தேன். கணினியில் ஏற்றியபோது சுருக்கங்களின் ஆழம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மற்ற யாரிடமும் அப்படி ஒரு மாற்றம் இல்லை. ஆய்வு நீடிக்குமா, எங்கள் இருவருக்கும் வேலை இருக்குமா என்பது நிறுவனம் முடிவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. சந்தேகப்படுவதையே தொழிலாகக் கொண்ட நான் அன்று சந்தேகப்படவில்லை.

மரகதம் திரும்பி வந்து மூன்று அச்சுகளையும் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இது வேற ஆளுங்க மேடம்."

"தோல் மாறுதான்னு பாக்கத்தானே மரகதம் இந்த ஆராய்ச்சியே?"

"ஆழம் மாறும். கோடு கிளை விடற எடம் மாறாது." பிறகு மூன்றாவது அச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "வேற ஆளு. ஆனா அதே வீட்டு ஆளு."

மறுநாள் பிற்பகல் இருவரும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எந்த வாசல் என்று தெரியாமல், "செல்லம்மா" என்று கூப்பிட்டேன். "வந்துட்டேங்க" என்று ஒரு குரல் வந்தது. நான் அச்செடுத்த அதே பெண் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று. அதில் இருந்ததும் ஏறக்குறைய அதே முகம், வயது மட்டும் கூட.

மரகதம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். "யாருக்குப் பேர் போட்ட, தங்கச்சி?"

"அக்காவுக்கு."

எனக்குப் புரியாததும் அவர்கள் இருவருக்கும் புரிந்ததும் 'பேர்' என்ற அந்தச் சொல்தான். மரகதத்தின் குடும்பமும் செல்லம்மாவின் குடும்பமும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவை. அவர்கள் பேச்சில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். பாதி நாள் என்றால் அரைப்பேர். ஒருத்தியால் முடியாத நாளில் வீட்டில் இன்னொருத்தி போய் அவள் பேருக்கு நிற்பது அவர்களுக்குப் பழகிய விஷயம்.

தங்கையின் பெயர் காமாட்சி. அக்கா இரண்டாவது அளவுக்கு வந்துவிட்டுப் போன பிறகு, காய்ச்சலில் இறந்திருக்கிறார். "மூணாவது தடவ வராட்டி அவங்க வேலை கெட்டுப்போயிரும்னு சொல்லிட்டே கெடந்தா. அதான் வந்தேன். மிச்சப் பொடியும் நாந்தான் குடிச்சு முடிச்சேன்" என்றார் காமாட்சி. தப்பு செய்தவர் போல அல்ல, ஒப்படைத்த வேலையை முடித்தவர் போலச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க செல்லம்மான்னு கூப்பிட்டீங்களே, நல்லா இருந்துச்சு. அந்தப் பேரை யாரும் கூப்பிடறதே இல்ல" என்றார்.

திரும்பும் வழியில், அந்த ஓர் அளவை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். இதை எழுதுவது எளிதாக இல்லை. ஆனால் மரகதத்தைப் பற்றி உண்மையாக எழுத வேண்டுமானால் இதை விட முடியாது. அவர் அதிர்ச்சி அடையவில்லை. "அக்கா செத்துப்போச்சு. தங்கச்சி வந்துச்சு. இதுல பொடி எங்க மேடம் வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பதினேழாம் எண்ணை நீக்கினேன். அதன் பிறகு சில வாரங்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் எப்போதும் போல என் மேசையில் டீயை வைத்துவிட்டுப் போவார்.

கடைசியில் யாருக்கு எந்தப் பொடி என்று பார்த்தபோது, பதினேழாம் எண்ணுக்குப் போனது வெறும் மாவு. இரு பிரிவுகளுக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசமும் இல்லை. நிறுவனம் அத்தோடு நிறுத்திக்கொண்டது. அவர் பரிசோதனை நிலையத்துக்குப் போனார், நான் மலையிலிருந்து இறங்கிக் கோயம்புத்தூருக்கு வந்தேன். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மரகதத்தின் இறுதிச் சடங்குக்குப் போய், அரவேணுவில் அவர் வீட்டு முற்றத்தில் மழைத் தூறலில் நின்றுகொண்டிருந்தபோது, "செல்லம்மா, இந்தப் பக்கம் வா" என்று யாரோ அழைத்தார்கள். என் அருகிலிருந்த பெண் திரும்பினார். காமாட்சி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "இப்ப எல்லாரும் இப்படித்தாங்க கூப்பிடறாங்க. மொதல்ல நீங்கதான் கூப்பிட்டீங்க. அப்பறம் அப்படியே ஒட்டிக்கிச்சு." அவருடைய கண்ணோரச் சுருக்கங்கள் இப்போது நன்றாக ஆழ்ந்திருந்தன. சுவரில் அன்று பார்த்த படத்திலிருந்து அவரைப் பிரித்தறிய எனக்கு வழி இல்லை. "பழைய பேரு?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அதைச் சொல்றதுக்கு யாருங்க இருக்கா" என்றார்.

மரகதத்திடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது நான் எடுத்த அந்த மூன்றாவது அச்சு. ஆய்வில் இடமில்லாததால் அதை எறியப் போனேன். அவர் வாங்கிக்கொண்டு, நான் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, தன் உருண்டைக் கையெழுத்தில் புதிதாக எழுதி ஒட்டித் தந்தார்: 'காமாட்சி. தங்கை.' எனக்குத் தெரிந்த வரை, அந்தப் பெயர் இன்று அங்கே மட்டும்தான் இருக்கிறது.