சொந்த ஆள் மேல் படும் குண்டு

பிரேம்நாத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் கையைத்தான் சொல்வார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முப்பத்திரண்டு வயது மனிதன், சர்ச்சில் கீபோர்டு வாசித்தவன், இரண்டு வீட்டுச் சண்டைக்கு நடுவில் ஷர்மிளாவைக் கட்டிக்கொண்டவன், கோபம் வந்தால் சோற்றுத் தட்டை வாசலில் வீசிவிட்டுப் பிறகு தானே போய்ப் பொறுக்குகிறவன். விரல் போனதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லையா? ஆனால் நானும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு அடுத்த மெஷினில் நின்றவன் நான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. எங்களுக்குக் கட்டிங் செக்‌ஷன், எல்லாம் பழைய மெஷின். தோலை விரித்து, அதன் மேல் இரும்பு அச்சை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால் மெஷினின் தலை இறங்கி வெட்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அடியில் மாட்டாது. ஆனால் டார்கெட் என்று ஒன்று இருக்கிறதே! சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் வலது பட்டனை அழுத்தி, இடுக்கில் ஒரு தோல் துண்டை மடித்துச் செருகிவிடுவோம். அப்புறம் இடது கை மட்டும் போதும், வலது கை தோலை நகர்த்திக்கொண்டே இருக்கும். எல்லாரும் செய்தோம். ஷிப்ட் முடிந்தால் துண்டை உருவிவிட வேண்டும் என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காலை ஷிப்ட் பார்த்தவன் அதை உருவாமல் போய்விட்டான். மதியம் பிரேம்நாத் வந்து நின்றான். வழக்கம்போல இடது கையைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் அச்சைச் சரிசெய்தான். தலை இறங்கியது. அவன் கத்தவே இல்லை. இடது கையால் பட்டன் இடுக்கிலிருந்து எதையோ பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "செந்திலு, விரல எடுத்து வைடா" என்றான். எடுத்தேன். ஐஸில் போட்டு வேலூர் வரைக்கும் கொண்டுபோயும் ஒட்டவில்லை. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று விசாரணையில் எழுதி, அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த வரியை அவன் ஒப்பிப்பான்.

அவனை உயிரோடு வைத்திருந்தது சுஹேல் பாயின் கேமிங் சென்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து 'டெட் ஹார்பர்' ஆடுவோம். ஒரு துறைமுகம், இரண்டு படை, ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். நாங்கள் ஆறு பேரும் ஒரே படை, எதிரில் நெட்டில் எங்கிருந்தோ வரும் ஆறு பேர். தலையில் சுட்டால் தலை தெறிக்கும், கத்தியால் கீறினால் சுவரெல்லாம் ரத்தம். பிரேம்நாத் இடது கையால் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டு எங்கள் எல்லாரையும்விடச் சுத்தமாகச் சுட்டான்.

ஒரே ஒரு குறை. அந்த கேமில் சொந்த ஆள் மேலும் குண்டு படும். ஒவ்வொரு ஆட்டத்திலும் எப்போதாவது ஒரு தடவை பிரேம்நாத்தின் குண்டு சமீருல்லாவின் முதுகில் பாயும். "சாரி மச்சான், கை தவறிடுச்சு" என்பான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். சமீருல்லாவும் எங்களோடு கட்டிங்கில் இருந்தவன்தான். ஒரு தடவைகூட முறைத்ததில்லை. இரண்டு வருஷமாக, வாரா வாரம், அதே முதுகு. இதைக்கூடக் கவனிக்காமல் சிரித்திருக்கிறோம், எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வருஷம் கேம் கம்பெனி அறிவிப்பு விட்டது. இரண்டாம் பாகம் வந்துவிட்டதாம். அதனால் பழையதில் பல பேர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரை நிறுத்துகிறார்களாம். மாதக் கடைசியோடு ஆறு பேர் ஆட்டம் நிற்கும், அப்புறம் தனியாளாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் பொம்மைகளைச் சுட்டுக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கியவன் வாயில் மண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே நடக்கவில்லை, வாக்குவாதம்தான். "பழசுல எவ்ளோ பேர் இருக்கான்? நம்மள மாதிரி பேஜார் புடிச்சவன்தான். புதுசுக்குப் போவோம்" என்றான் ராஜேஷ். பேங்க்கில் வேலை பார்க்கிறவன், எங்களில் அவனுக்குத்தான் வீட்டிலும் நல்ல கம்ப்யூட்டர்.

"வாங்கினத புடுங்கிக்கிறான், அவன்கிட்டயே போய் இன்னொன்னு வாங்கணுமா?" என்று நான் கத்தினேன். "எல்லாரும் சேந்து கேட்டா சர்வர வெச்சிருப்பான்."

"இன்னா, ஆம்பூர்ல ஆறு பேரு கேட்டா வெச்சிருப்பானா?"

சுஹேல் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டும் போட மெஷின்ல எடம் இல்லப்பா. புதுசுன்னா பழச இன்னிக்கே அழிச்சிடறேன். சீக்கிரம் சொல்லுங்க."

பிரேம்நாத் மேசையைக் குத்தினான். "அழிக்கக் கூடாது! இன்னும் மூணு வாரம் இருக்கு."

"உனக்கு இன்னாடா பிரச்சினை?" என்றான் ராஜேஷ். "புதுசுல இடது கைக்குத் தனி செட்டிங்கே இருக்கு. இன்னும் ஒண்ணு, சொந்த ஆள் மேல குண்டே படாது. சமீரு பொழச்சான்."

எல்லாரும் சிரித்தோம். பிரேம்நாத்தின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். பயந்துவிட்டான் என்றுகூடத் தோன்றியது. அவன் சமீருல்லா பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. பழசா, புதுசா?"

சமீருல்லா தரையைப் பார்த்தான். "புதுசுக்கே போலாம்டா. எனக்கும் போதும்னு இருக்கு."

பிரேம்நாத் பர்ஸைத் திறந்து எதையோ அவன் கீபோர்டு மேல் எறிந்தான். மடித்த ஒரு தோல் துண்டு. அரக்குச் சிவப்பு, ஓரத்தில் கறுத்துப்போன ரத்தம். அந்த மெஷினில் அன்று காலை ஷிப்டில் மட்டும்தான் அரக்குச் சிவப்பு ஓடியது. காலையில் அங்கே நின்றவன் சமீருல்லா.

"போதுமா? உனக்குப் போதுமா?"

கீபோர்டைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தான். பட்டன்கள் பறந்தன. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது, மூன்றாவதில் தாடை நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நாற்காலியோடு விழுந்தவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, மூன்று விரல் கையாலேயே குத்தினான். பிடிக்கப்போன ராஜேஷின் மூக்கில் முழங்கை இறங்கியது. நான் கழுத்தைக் கட்டி இழுத்தேன், என் கையைக் கடித்தான். தழும்பு இன்னும் இருக்கிறது. கேமில் எத்தனை ரத்தம் பார்த்திருக்கிறோம்! சுஹேல் பாயின் வெள்ளை டைல்ஸில் கிடந்த ஒரு பல்லை என்னால் பார்க்க முடியவில்லை.

சமீருல்லா கையைத் தூக்கவே இல்லை. கேமில் முதுகைக் காட்டிய மாதிரியே முகத்தையும் காட்டிக்கொண்டு கிடந்தான். கடைசியில் பிரேம்நாத்துக்கே மூச்சு வாங்கியது. "ரெண்டு வருசம்டா. நீயா சொல்லுவேன்னு பாத்தேன். உன்ன மாட்டிவுடக் கூடாதுன்னுதான் ஆபீஸ்ல இத நான் காட்டல" என்று சொல்லி ஓவென்று அழுதான்.

ஆஸ்பத்திரியில் சமீருல்லா, பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்ததாக எழுதிக் கொடுத்தான். அதைக் கேட்ட பிரேம்நாத் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை என்று ஷர்மிளா என்னிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் தாடைக்குக் கம்பி கட்டிய முகத்தோடு சமீருல்லா கம்பெனி ஆபீசுக்குப் போனான். வாய் திறக்க முடியாதவன், ஒரு பக்கம் எழுதியே கொடுத்தான். 'துண்டைச் செருகியது நான், உருவ மறந்தது நான், வேலை போய்விடும் என்று பயந்து மறைத்ததும் நான்.' வேலை போனது. மேல்விஷாரத்தில் மாமாவின் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்துகொண்டான். பிரேம்நாத்தின் ஃபைலில் 'கவனக்குறைவு' என்ற வரியை அடித்து, 'முந்தைய ஷிப்டில் விட்டுச்சென்ற அடைப்பு' என்று திருத்தினார்கள். அந்தத் தாளின் போட்டோவைப் பிரேம்நாத் எனக்கு அனுப்பினான்.

மாதக் கடைசி ஞாயிறு, ஆறு பேர் ஆட்டத்துக்குக் கடைசி நாள். சுஹேல் பாய் பழைய கேமை அழிக்காமல் வைத்திருந்தார். மூக்கில் பிளாஸ்திரியோடு ராஜேஷ் வந்தான். ஐந்து பேர் உட்கார்ந்த பிறகு சமீருல்லா வந்து, பிரேம்நாத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

அன்றைக்கு ஆடிய மாதிரி நாங்கள் என்றைக்கும் ஆடியதில்லை. கிரேன் மேல் இரண்டு பேரை பிரேம்நாத் வீழ்த்தினான். படகு ஓரம் சமீருல்லாவை மூன்று பேர் சுற்றிக்கொண்டார்கள். பிரேம்நாத் ஓடிப் போய் ஒருத்தனைக் கத்தியால் அறுத்தான், ஒருத்தனைச் சுட்டான். மூன்றாமவனைக் குறிவைத்தபோது சமீருல்லா குறுக்கே வந்துவிட்டான். குண்டு சரியாக நடு முதுகில் பாய்ந்தது.

சென்டரே வெடித்துச் சிரித்தது. "ஆரம்பிச்சிட்டான்டா!" என்று ராஜேஷ் மேசையைத் தட்டினான். பிரேம்நாத் மட்டும் மவுஸை விட்டுவிட்டு எழுந்தேவிட்டான். "மச்சான், சத்தியமாடா. இது நெஜமாவே கை தவறிடுச்சு."

கம்பி கட்டிய பல்லுக்கு நடுவிலிருந்து சமீருல்லா சொன்னான்: "தெரியும். உக்காரு."