போர்டில் இருந்த முகம்

எழுபதுகளின் நடுவில் திருப்பதி பஸ் ஸ்டாண்டை ஒட்டி போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் சித்தூர். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நாலு பேர் சொன்னதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு தகர போர்டு கேட்டார்கள். ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதி, மேலே ஒரு திருடன் படம். அங்கேயே படுத்து எழும் பெரியவர் ஒருவர் எனக்கு ஏணி பிடிப்பார். வீடு வாசல் கிடையாது. சடைபிடித்த முடி, புருவத்தில் வெட்டுத் தழும்பு. அவரையே எதிரில் உட்காரவைத்து வரைந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. போர்டை மாட்டியதும் டீக்கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை, எதிர்க் கடையில் ஏணிமேல் நின்று எழுதும்போது கூச்சல் கேட்டது. வெளியூர்க் குடும்பம் ஒன்றின் பையைக் காணோமாம். நாலைந்து பேர் பெரியவரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நா அந்த மாதிரி ஆளு இல்ல சாமி. அதோ பாருங்க, போர்டுல என் படத்தையே போட்டுக்கீறாங்க” என்று அவரே கையை நீட்டினார்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள். முதல் அடி விழுந்தது.

நான் ஏணியிலேயே நின்றேன். இறங்கிப் போனால் எனக்கும் விழும். பெயின்ட் காய்ந்துவிடுமே என்றுகூட ஒரு சாக்கு மனதில் வந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றியதைப் பார்த்த பிறகுதான் ஓடினேன்.

“அடிக்காதீங்க. அது போலீஸ் போட்ட படம் இல்ல. நான்தான் வரஞ்சேன். இவரு எனக்கு ஏணி புடிக்கிறவரு.”

செருப்பைக் கழற்றியவர் என் சட்டையைப் பிடித்தார். “அப்ப திருடன்னு இவர ஏன்யா வரஞ்ச?”

திருடன் என்றதும் என் கண்முன் வந்தது வீடில்லாத அந்த முகம்தான். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? கன்னத்தில் ஓர் அறை விழுந்தது, வாங்கிக்கொண்டேன். அதற்குள் பை சீட்டுக்கு அடியில் இருப்பதாகக் கண்டக்டர் குரல் கொடுக்க, கூட்டம் கலைந்தது. பெரியவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, அதுல இன்னாதான் எழுதிக்கீற?”

படித்துக் காட்டினேன். அவர் போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

“எழுத்த அழிச்சுடு. மொகம் இருக்கட்டும், நல்லாத்தான் கீது.”

கடைக்காரர்களைக் கேட்காமலே எழுத்தின்மேல் வெள்ளை அடித்தேன். அங்கே அவர் பெயரை எழுதலாம் என்று தோன்றியது. மூன்று மாதமாக ஏணி பிடித்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டு, பெரிதாக எழுதினேன். கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். ஆனால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ போர்டு எழுதிவிட்டேன். யாரை வரைந்தாலும் முதலில் பெயரைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்ட பிறகு அவரைத் திருடனாக வரையக் கை வருவதில்லை.